லேப்டாப்பில் ஏறிய மாமாவின் குரல்

பக்கவாதம் வந்து மாமாவின் வலக்கையோடு பேச்சும் போய்விட்டது. மாமா என்றால் என் கணவரின் அப்பா. துடியலூரில் எங்கள் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று, தெருவில் போகிற வருகிற எல்லாரையும் நிறுத்திப் பேசியவர். நாம் சொல்வதெல்லாம் அவருக்குப் புரியும், வார்த்தைதான் வாய்க்கு வராது என்றார் டாக்டர். பயிற்சி கொடுத்தால் கொஞ்சம் திரும்பலாம், ஆனால் நாளாகும் என்றும் சொன்னார்.

அத்தைக்குத்தான் பெரும்பாடு. "தண்ணிங்களா? ஃபேன் போடோணுங்களா? வலிக்குதுங்களா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்பார். மாமா தலையை ஆட்டி ஆட்டிச் சலித்துப்போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொள்வார். செல்போனில் டம்ளர், ஃபேன் என்று படங்களைக் காட்டி, வேண்டியதைத் தொடச் சொல்லிப் பார்த்தோம். இடக்கை விரல் கண்ணாடியில் வழுக்கி எங்கோ போனது.

நான் சரவணம்பட்டியில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறேன். பிறர் எழுதிய புரோகிராமில் பிழை பிடிப்பதுதான் பிழைப்பு. சொந்தமாக எழுதியது குறைவு. இருந்தாலும் கணவரின் பழைய லேப்டாப்பை எடுத்து, ஒரு விசையை அழுத்தினால் ஒரு வாக்கியம் ஒலிக்கும்படி பைத்தான் என்ற கணினி மொழியில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதினேன். யார் குரலில் பதிவது என்று யோசித்தபோதுதான், மாமா எனக்கு அனுப்பிய வாட்ஸ்அப் குரல் செய்திகள் அழியாமல் கிடப்பது நினைவுக்கு வந்தது. டைப் அடிக்க வராததால் எல்லாவற்றையும் அவர் பேசியே அனுப்புவார். வேண்டிய துண்டுகளை அவற்றிலிருந்து வெட்டி எடுத்தேன். ஹெட்போனில் அந்தக் குரலைக் கேட்டதும், வெட்டுவதை விட்டுவிட்டு முழுச் செய்தியையும் முதலிலிருந்து கேட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கட்டளை தட்டும் கறுப்புத் திரையில் ஸ்கிரிப்டை ஓட்டினேன். ஒலியை இயக்கத் தனியாகச் சேர்க்கவேண்டிய பேக்கேஜ் இல்லை என்றது லேப்டாப். இன்ஸ்டால் செய்யக் கட்டளை கொடுத்தேன். திரை நிறையச் சிவப்பு எழுத்தில் எரர். இணையத்தில் யார் யாரோ சொன்னதையெல்லாம் ஒட்டிப் பார்த்தேன். அதே சிவப்பு. மாமா திரையையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆபீஸ் தோழிக்குப் போன் போட்டேன்.

"கடைசி வரியவே பாத்துட்டு இருக்காதீங்க. மேல போயி மொதல் எரர் என்னன்னு படிங்க" என்றாள். படித்துக் காட்டினேன். "பைத்தான் எந்த வெர்ஷனுங்க?"

"நேத்துத்தானுங்க புதுசா போட்டேன்."

"அதானுங்க. அத்தன புதுசுக்கு அந்த பேக்கேஜ் ரெடியா வந்திருக்காது. உங்க லேப்டாப்லயே உருவாக்கப் பாத்து, முடியாம நிக்குது. பழைய வெர்ஷன் ஒண்ணு போட்டுப் பாருங்க."

பழைய வெர்ஷனைப் போட்டேன். பேக்கேஜ் ஒரு சத்தமும் இல்லாமல் இன்ஸ்டால் ஆனது. ஸ்கிரிப்டை ஓட்டினால், பேக்கேஜ் இல்லை என்று மறுபடியும் அதே பதில். எனக்கு அழுகை வந்துவிட்டது. "போட்டாச்சுங்குது, ஓட்டுனா இல்லைங்குது. நான் என்ன பண்றதுங்க மாமா?" என்று அவரிடமே கேட்டுவிட்டேன். அவர் இடக்கையை மெதுவாக நீட்டி என் முழங்கையைத் தட்டிக் கொடுத்தார்.

கண்ணைத் துடைத்துவிட்டு நிதானமாகப் பார்த்தேன். லேப்டாப்பில் இப்போது இரண்டு பைத்தான்கள் இருந்தன. பேக்கேஜ் போனது பழையதற்கு. ஸ்கிரிப்டை ஓட்டிக்கொண்டிருந்தது புதியது. ஓட்டும் கட்டளையிலும் பழைய வெர்ஷன் எண்ணைச் சேர்த்துத் தட்டினேன். எரர் இல்லை. விசைக்காகத் திரை காத்து நின்றது.

விசைகளின் மேல் டம்ளர், ஃபேன், தட்டு என்று படம் வரைந்து ஒட்டியிருந்தேன். அவர் விரலைப் பிடித்து டம்ளர் மேல் வைத்தேன்.

"தண்ணி வேணும் கண்ணு."

அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. அத்தை ஓடிவந்து வாசற்படியில் நின்றார். "பேசிட்டாருங்களா?"

"இல்லைங்கத்தை, லேப்டாப்புங்க" என்றேன். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

தன் குரலைத் தானே கேட்பது அவருக்கு நோகுமோ என்று அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. மாமா வெகுநேரம் லேப்டாப்பையே பார்த்தார். உதடு அசைந்தது. பிறகு விரலைத் தானாக நகர்த்தித் தட்டுப் படத்தில் நிறுத்தினார். சாப்பாடு பற்றி அவர் பேசியதில் எனக்குக் கிடைத்தது ஒரே ஒரு துண்டுதான். அவருக்குப் பசித்தால் அதுவே போதும் என்று அதைச் சேர்த்திருந்தேன்.

"சாப்ட்டியா கண்ணு?"

அழுத்திவிட்டு என்னைப் பார்த்தார். பதிலுக்காகவே பார்த்தார்.

"எங்கீங்க சாப்புட்டா? காத்தாலிருந்து இந்தப் பொட்டி முன்னாடியேதான் உக்காந்திருக்கறா" என்று அத்தை எனக்குப் பதிலாக அவருக்குச் சொன்னார். தட்டு எடுத்துவந்து மாமாவின் கட்டில் ஓரத்திலேயே எனக்குச் சோறு போட்டார். நான் சாப்பிட்டு முடிக்கும்வரை மாமா சுவர்ப் பக்கம் திரும்பவே இல்லை.

இப்போது அவருக்கு ஓரிரு வார்த்தைகள் வாயால் வருகின்றன. ஆனாலும் லேப்டாப்பை விடமாட்டார். அண்மையில் காப்பிக்கும் ஒரு விசை சேர்த்தேன். "ஏனுங்க, ஒருக்கா அமுக்குனா எனக்குக் காது கேக்காதுங்களா?" என்று அடுப்படியிலிருந்து அத்தை கேட்பார். மாமா ஒரு பக்க உதட்டால் சிரித்துக்கொண்டு இன்னொரு தரம் அழுத்துவார்.