இந்திரா டீச்சரின் அட்டைப்பெட்டி ஃபெரி

இந்திரா டீச்சர் தவறிவிட்டார். காலையில் பள்ளி வாட்ஸ்அப் குரூப்பில் பார்த்தேன். தூக்கத்திலேயே போய்விட்டாராம்...

பட்டர்வொர்த்தில் அவர் வீட்டுக்குப் போகிறோம், நானும் என் மகளும். பினாங்குத் தீவிலிருந்து அக்கரைக்குப் போகும் ஃபெரியில் உட்கார்ந்துதான் இதை டைப் பண்ணுகிறேன்.

ஜார்ஜ்டவுனில் எங்கள் இருவருக்கும் ஒரே தமிழ்ப்பள்ளி. இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு ஓவியம். அவருக்கு ஒரு வகுப்பு, பக்கத்திலேயே எனக்கு ஒரு வகுப்பு. வருடக்கணக்காக.

எல்லாரும் அவரைப் புகழ்ந்து எழுதுகிறீர்கள். எழுதுங்கள். எனக்கு அந்த அம்மாவைப் பார்த்தாலே வயிறு எரியும். இறந்துவிட்டார் என்பதற்காக மாற்றிச் சொல்ல வரவில்லை.

பெற்றோர் வரும் நாளுக்கு முன்னால் நாங்கள் டீச்சர்கள் என்ன செய்வோம் என்று கூட வேலை செய்தவர்களுக்குத் தெரியும். பிள்ளைகள் செய்ததை வாங்கி, கோணலை வெட்டி, வழிந்த கலரைத் திருத்தி, அப்புறம்தான் சுவரில் ஒட்டுவோம்.

என் வகுப்பு மயில்கள் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும். கீழே பெயரைப் பார்க்காமல், தன் பிள்ளையின் மயில் எது என்று எந்த அம்மாவாலும் சொல்ல முடியாது.

இந்திரா டீச்சர் பிரஷ்ஷைத் தொடவே மாட்டார். அவர் சுவரில் ஐந்து கால் மாடு நிற்கும்.

"ஏன்யா அஞ்சு காலு?" என்று ஓர் அப்பா கேட்டார்.

"அது ஓடுதுப்பா. வேகமா ஓடுது லா!" என்றான் பையன்.

அவ்வளவுதான். கூட்டம் முழுக்க அங்கே. என் மயில்களுக்குத் துணை நான் மட்டும்.

ஒருமுறை கடையிலிருந்து ஃபிரிட்ஜ் வரும் பெரிய அட்டைப்பெட்டிகளை வாங்கிவந்தார். பிள்ளைகளே வெட்டி, ஒட்டி, மஞ்சள் பெயிண்ட் அடித்து ஒரு ஃபெரி செய்தார்கள். அடிப்பாகம் கிடையாது. உள்ளே நின்று தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

காரிடோரில் ஆபீஸ் பக்கம் பினாங்கு. கேன்டீன் பக்கம் பட்டர்வொர்த். டிக்கெட் வேறு வரைந்திருந்தார்கள்...

என் வகுப்பு அப்படியே எழுந்துவிட்டது. "டீச்சர், பட்டர்வொர்த் போய்ட்டு வந்து மயில் ஒட்டுறோம் டீச்சர்!"

வாசலில் இந்திரா டீச்சர், கன்னத்தில் மஞ்சள் பெயிண்டோடு. "நீங்களும் ஏறுங்க டீச்சர். சும்மா ஒரு ரவுண்டு லா."

"எனக்கு வேலை இருக்கு" என்றேன். காலி வகுப்பில் உட்கார்ந்து மயில்களுக்குக் கண் ஒட்டினேன்.

இதையெல்லாம்கூட விட்டுவிடுவேன். என் மகளும் அந்த வருடம் அவர் வகுப்பில்தான் இருந்தாள்.

வீட்டில் ஒருநாள் வீடு வரைந்துகொண்டிருந்தாள். கூரை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. சரிசெய்யலாம் என்று பென்சிலைக் கேட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

"நீங்க தொடக்கூடாதும்மா. படம் வரைஞ்சவங்கதான் தொடணும்னு இந்திரா டீச்சர் சொன்னாங்க."

ஓவிய டீச்சர் நான். பெற்றவளும் நான்...

இப்போது அவள் புக்கிட் தெங்காவில் ஃபேக்டரி வேலையில் இருக்கிறாள். என் பிறந்தநாளுக்கு லீவு கிடைக்காது. இன்றைக்குக் கேட்டவுடன் கிடைத்துவிட்டது.

காலையிலிருந்து அழுகிறாள். எனக்கும் இப்படி அழுவாளா என்று பக்கத்தில் உட்கார்ந்து யோசிக்கிறேன். சிரிப்பவர்கள் சிரியுங்கள்.

இப்போதுதான் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசினாள். "இந்த ஃபெரிய விட டீச்சரோட ஃபெரிதாம்மா நல்லா இருந்துச்சி."

எரிச்சலாக வந்தது. இன்றைக்குமா? "எனக்கு எப்படித் தெரியும்? நான் ஏறவே இல்லையே" என்றேன்.

"நீங்கதான் ஏறல. ஒவ்வொரு ரவுண்டும் ஒங்க வகுப்பு வாசல்ல நிறுத்துனோமே. டீச்சர்தான் நிறுத்தச் சொன்னாங்க."

...

பட்டர்வொர்த் தெரிகிறது, இந்திரா டீச்சர். இந்தத் தடவை ஏறிவிட்டேன்.