ஊழியத்துக்கு உடுத்த சாறி

எங்கள் திருச்சபையில் யார் எதை உடுக்க வேண்டும் என்பதை, அதை ஒருநாளும் உடுக்காதவர்கள்தான் முடிவு செய்வார்கள். வடமராட்சி கிழக்கில் வெள்ளத்தில் அகப்பட்ட ஒரு கிராமத்துக்கு அரிசி, கோதுமை மா, பிள்ளைகளுக்கு எழுதக் கொப்பிகள் கொண்டுபோவதென்று தீர்மானித்த கூட்டத்தில் எட்டு ஆண்களும் நானும் இருந்தோம். நான் மருதனார்மடத்துக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பிக்கிறேன். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது. சாமான்களைப் பற்றிப் பத்து நிமிடம் கதைத்தார்கள். உடுப்பைப் பற்றி ஒரு மணித்தியாலம்.

செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி முகாமையாளர். கரடுமுரடான இடங்களுக்கு ஊழியப் பயணம் போகிறவர்கள் என்ன உடுக்க வேண்டும் என்று, வெளிநாட்டிலிருக்கும் அவருடைய மகன் இணையத்தில் கண்டதை அனுப்பியிருந்தான். அதை அவர் வேதபாடம் போல எழுந்து நின்று வாசித்தார். கெதியாய்க் காயும் துணி, காலைக் கடிக்காத சப்பாத்து, மாற்றுக்கு இரண்டு சோடி காலுறை. எல்லாம் நல்ல புத்திமதிதான். வாசித்து முடித்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, பெண்கள் சாறி என்றார்.

கூட வர இருந்த இளம் தாதி ஒருத்திக்காகவும் சேர்த்து, சுடிதார் போட்டால் என்ன என்று கேட்டேன்.

“சாட்சி எண்டு ஒண்டு இருக்கெல்லே ரீச்சர், எங்களைப் பாத்துத்தானே சனம் ஆண்டவரை அறியும். அந்தக் காலத்து மிஷன் அம்மாமார் நிலத்தைக் கூட்டுற பாவாடையோடை ஊழியம் செய்தவை” என்றார் செயலாளர்.

அந்த அம்மாமாரை மாட்டுவண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள் என்று சொல்ல வாய்வரை வந்தது. அதற்குள் போதகர் ஜெபத்தோடு கூட்டத்தை முடித்துவைத்தார்.

வீட்டுக்கு வந்து அலுமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். பருத்திச் சாறி நனைந்தால் கல்லாய்க் கனக்கும். நைலெக்ஸ் கெதியாய்க் காயும். ஆனால் நனைந்தால் உடம்போடு ஒட்டி, சாட்சியை வேறு விதமாகச் சொல்லும். பருத்தியையே எடுத்தேன். சாறிக்கு ரப்பர் செருப்புப் போட மனம் வராமல் தோல் செருப்பைத் தேடி எடுத்து வைத்தேன். அந்த மடமைக்கு மட்டும் கமிட்டியைக் குறை சொல்ல முடியாது.

பயணத்தன்று செயலாளர், மகன் அனுப்பிய சப்பாத்தோடு வந்தார். கணுக்காலுக்கு மேலே ஏறிய, தண்ணீர் புகாத சப்பாத்து. காற்சட்டையில் எண்ணமுடியாத பொக்கற்றுகள். தலையில் தொப்பி.

மணல்மேடுகளைத் தாண்டியதும் வீதியை வெள்ளம் அறுத்திருந்தது. வான் நின்றுவிட்டது, இனி நடைதான். தண்ணீர் முழங்காலுக்கு மேலே. போதகர் செருப்பைக் கையில் எடுத்து, காற்சட்டையை மடித்துவிட்டு இறங்கினார். செயலாளர் எதையும் கழற்றவில்லை. தண்ணீர் புகாத சப்பாத்துக்குள் மேலாலே போன தண்ணீருக்கு வெளியே வரவும் வழியில்லை. காலுக்கொரு வாளி சுமக்கிறவர் போல அவர் நடந்தார்.

அதைப் பார்த்துச் சிரிக்கும் நிலையில் நான் இல்லை. ஒரு கையில் கொப்பிக் கட்டு, மறு கையில் சாறி. போதகருக்கு முன்னால் எவ்வளவு உயர்த்தலாம் என்று யோசிப்பதற்குள் கொய்யக மடிப்பு அவிழ்ந்து மிதந்தது. இடது செருப்பு சேற்றோடு போனது. தாதி பின்னால் வந்து என் சாறியை அள்ளிப் பிடித்தாள். அவளுடையதைப் பிடிக்க ஆளில்லை. வெட்கமா கோபமா என்று தெரியாமல் எனக்குக் கண் கலங்கியது.

எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெண் தண்ணீருக்குள் இறங்கி வந்தாள். தூக்கிச் செருகிய நைட்டி, மேலே புருஷனுடைய சேட்டு, வெறுங்கால். கொப்பிக் கட்டை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“அக்கா, உந்தச் சாறியை என்னத்துக்கு உடுத்துக்கொண்டு வந்தனீங்கள்?”

“கமிட்டியிலை எடுத்த முடிவு.”

முன்னால் தள்ளாடிக்கொண்டு போனவரைப் பார்த்தாள். “உந்தச் சப்பாத்துக்காரரோ கமிட்டி?”

“ஓம்” என்றேன். அன்றைக்கு முதன்முதலாகச் சிரிப்பு வந்தது.

அவள் தன் வீட்டில் எங்கள் இருவருக்கும் காய்ந்த நைட்டியும் சேட்டும் தந்தாள். அதற்குப் பிறகு, படத்துக்கென்று ஒதுக்கிவைத்த சில அரிசி மூடைகளைத் தவிர, அரை மணித்தியாலத்தில் எல்லாச் சாமான்களையும் கொடுத்து முடித்தோம். செயலாளரின் சப்பாத்து ஊறி இறுகி, இரண்டு பேர் பிடித்து இழுத்துத்தான் கழன்றது. குதிக்கால் இரண்டிலும் கொப்புளம். யாருடையதோ சாரத்தை இடுப்பில் கட்டிக்கொண்டு கதிரையில் இருந்தார். பாவமாகத்தான் இருந்தது, படம் எடுக்கும் நேரம்வரை.

சாரம் தெரியாதபடி அரிசி மூடைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டு, என்னிடம் மெதுவாகச் சொன்னார். “நீங்கள் ரெண்டு பேரும் படத்திலை நிக்காதேங்கோ ரீச்சர். உந்தக் கோலம் வெளியிலை போனால் சரியில்லை.”

தாதி தலையைக் குனிந்துகொண்டு விலகினாள். நான் விலகவில்லை. போதகர் கைத்தொலைபேசியைத் தூக்கிப் பிடித்தபடி யாரைப் பார்ப்பதென்று தெரியாமல் நின்று, கடைசியில் எடுத்தார். சபை மலரில் அந்தப் படம் வந்தபோது ஓரத்தில் என் பாதி முகம் இருந்தது. அரிசி மூடைகள் முழுதாய் இருந்தன.

அடுத்த கூட்டத்தில் நான் விடவில்லை. நீண்ட நேரம் கதைத்து ஒரு முடிவுக்கு வந்தார்கள். தண்ணீர் முழங்காலுக்கு மேலே நிற்கும் இடங்களுக்கு மட்டும் பெண்கள் சுடிதார் அணியலாம். தண்ணீரின் அளவை முன்கூட்டியே அறிந்து சொல்ல மூவர் கொண்ட உபகுழு. மூவரும் ஆண்கள்.

உபகுழு அந்தக் கிராமத்தில் ஒருவரையும் அறியாது. ஆகவே ஒவ்வொரு பயணத்துக்கும் முன்னால் எங்களுக்கு உடுப்புத் தந்த பெண்ணுக்குத்தான் தொலைபேசி எடுத்துக் கேட்கிறார்கள். கூட்டம் முடிந்தபின் உடுப்பைத் திருப்பிக் கொடுக்கப் போன அன்றே நானும் தாதியும் அவளிடம் சங்கதியைச் சொல்லிவிட்டோம். எப்போது கேட்டாலும் இடுப்பளவு என்கிறாள். போன பங்குனியிலும் அப்படித்தான் சொன்னாள். நாங்கள் சுடிதாரில் போய் இறங்கினோம். மணல் சுட்டது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை.