கும்மிடிப்பூண்டிக் கோப்பையும் இரண்டு மணிச் சங்கும்

முதல் ஞாயிறு, காலை 5.40. திருப்பாச்சூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு நேர் வழி கிடையாது. இரண்டும் ஒரே மாவட்டம் என்று பெயர்தான். ரயிலில் போவதென்றால் திருவள்ளூரில் ஏறிச் சென்னைக்குப் போய், அங்கே வேறு வண்டி பிடித்து மறுபடி வடக்கே வர வேண்டும். பஸ் என்றால் மூன்று வண்டி மாற வேண்டும். நாற்பத்தெட்டு வயதில், இரண்டு முழங்காலிலும் தைலம் தேய்த்துக்கொண்டு, ஃபுட்பால் மேட்சுக்கு நடுவராக இருக்க இவ்வளவு தூரம் போகிற பொம்பளை எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான். பள்ளிக்கூடத்தில் உடற்பயிற்சி ஆசிரியை. வாரம் ஐந்து நாள் விசில் ஊதுவது போதாதென்று ஞாயிற்றுக்கிழமையும் ஊதக் கிளம்பினேன்.

ஆடி மாதம் என்பதை மறந்து ஒத்துக்கொண்டது என் முட்டாள்தனம். ஆடி ஞாயிறு என்றால் பெரியபாளையத்துப் பவானி அம்மனுக்கு ஊரே கிளம்பிவிடும். திருவள்ளூரில் ஏறிய பஸ்ஸில் ஒரு காலை ஊன்றத்தான் இடம் கிடைத்தது. மஞ்சள் புடவை, வேப்பிலைக் கட்டு, பைக்குள்ளிருந்து கொக்கரிக்கும் கோழி. கண்டக்டர் என் கழுத்தில் தொங்கிய விசிலைப் பார்த்துவிட்டு, “அத்தக் கொஞ்சம் ஊதும்மா, நான் கத்திக் கத்தித் தொண்டையே போச்சு. ஒருத்தனும் உள்ள நகர மாட்டேன்றான்” என்றார். ஊதினேன். யாரும் நகரவில்லை.

பெரியபாளையத்தில் பஸ் பாதி காலியானது. அங்கிருந்து ஆரணி வழியாகப் புதுவாயல். அங்கே நெடுஞ்சாலையில் இன்னொரு பஸ். கும்மிடிப்பூண்டி பைபாஸில் இறங்கி, ஷேர் ஆட்டோவுக்கு இருபது ரூபாய் கொடுத்துத் தொழிற்பேட்டை மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி எட்டே முக்கால்.

மைதானம் என்றால் இரும்பு ஆலை ஒன்றின் பின்சுவரை ஒட்டிய காலி இடம்தான். புல் கிடையாது. ஆனால் சுண்ணாம்புக் கோடுகள் மட்டும் அவ்வளவு நேராக இருந்தன. “யார் போட்டது?” என்று கேட்டேன். போட்டி நடத்துகிற டில்லிபாபு, உள்ளூர் கிளப்பின் செயலாளர், “நம்ம கேம்ப்பு பையன் டீச்சர், ஜெயந்தன். பெயின்ட்டரு. அவன் கை வச்சா கோடு இப்புடி அப்புடி போவாது” என்றார்.

எட்டு கிளப்புகள். நேபாளத்து ஆலைத் தொழிலாளர்கள் இரண்டு, கொரிய இன்ஜினீயர்கள் ஒன்று, ஜப்பான்காரர்கள் ஒன்று, இலங்கை அகதிகள் முகாமிலிருந்து ஒன்று, மீதி மூன்றும் நம்மூர். தோற்றால் வீட்டுக்கு. மூன்று ஞாயிற்றில் முடிந்துவிடும். ‘பன்னாட்டுக் கிளப் கோப்பை’ என்று பேனரில் போட்டிருந்தார்கள். பன்னாட்டுக்காரர்களும் ஒரே டீக்கடையில்தான் நாஷ்டா சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

முதல் ஆட்டத்துக்கு முன்னால் ஒரு கம்பெனியின் பர்சனல் மேனேஜர் மைக்கைப் பிடித்தார். ஜெயிக்கிற கிளப்பில் வேலை இல்லாத மூன்று பேரைத் தன் ஆலைக்குள் எடுத்துக்கொள்வதாகச் சொன்னார். எல்லோரும் கை தட்டினார்கள். ஜெயந்தன் மட்டும் தட்டவில்லை. கோட்டுக்குப் போட்டதுபோக மிஞ்சிய சுண்ணாம்பு வாளியைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று நான்கு ஆட்டம். கொரியர்கள் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு ஐந்து கோல் வாங்கினார்கள். வாங்கிய பிறகு தங்கள் ஐஸ் தண்ணீர் கேனை எல்லோருக்கும் திறந்துவிட்டார்கள். அவர்கள்மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதை உண்டு.

இரண்டாம் ஞாயிறு, பகல் 2.00. அரையிறுதிகள் முடிந்து தக்காளிச் சோற்றுப் பொட்டலத்தோடு சுவர் நிழலில் உட்கார்ந்திருந்தோம். ஆலைச் சங்கு ஊதியது. நேபாளத்துப் பையன்கள் பாதிப் பேர் எழுந்தே விட்டார்கள். இன்றைக்கு லீவு என்று நினைவு வந்து, சிரித்துக்கொண்டே மறுபடி உட்கார்ந்தார்கள். டில்லிபாபுவும் ஆலைக்காரர்தான், அவர் பொட்டலத்தை மடித்துவிட்டார். நானும் சோற்றைக் கீழே வைத்துவிட்டு கேட் பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

எனக்கு என்ன வந்தது என்றால், என் வீட்டுக்காரர் இந்தப் பேட்டையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவர். அப்போது பைபாஸுக்கு அந்தப் பக்கம் லைன் வீட்டில் இருந்தோம், எனக்குப் பள்ளிக்கூட வேலை கிடைக்கவில்லை. இரண்டு மணிச் சங்கு கேட்டால் வாசலுக்கு வருவேன். கூட்டத்தில் அவர் தலை தெரிகிறதா, முழு ஆளாக வருகிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் உள்ளே போய்ச் சோறு போடுவேன். ஊர் மாறிப் பல வருடம் ஆகியும் கழுத்து மட்டும் மாறவில்லை.

ஜெயந்தன் ஒருவன்தான் கை நிறுத்தாமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். “எல்லாருக்கும் என்ன நடந்தது ரீச்சர்? பாம்பைக் கண்ட மாதிரி எழும்புறீங்கள்” என்று சிரித்தான். முகாமிலேயே பிறந்து வளர்ந்தவன், வயது இருபத்தாறு. இந்தப் பேட்டையின் வெளிச்சுவர் பாதிக்கு அவன்தான் வர்ணம் அடித்திருக்கிறான். உள்ளே வேலை கேட்டுப் போனால், முகாம் அட்டையைப் பார்த்ததும் கேட்டிலேயே திருப்பிவிடுகிறார்கள். “சுவருக்கு இந்தப் பக்கம் எல்லாம் தெரியும். அந்தப் பக்கம் எப்படி இருக்குமெண்டு ஒருக்காப் பாக்கோணும்” என்றான். அவன் மனைவிக்கு ஏழாம் மாதம்.

மூன்றாம் ஞாயிறு. இறுதி ஆட்டம், முகாமும் நேபாளமும். பதினொரு மணி என்று நோட்டீஸ். மேனேஜர்தான் சிறப்பு விருந்தினர். அவர் வரவில்லை. பதினொன்றரைக்கும் வரவில்லை. “வந்துகினே கீறாரு டீச்சர்” என்றார் டில்லிபாபு. பன்னிரண்டுக்கும் அதையே சொன்னார். பையன்கள் வெயிலில் வதங்கினார்கள். “பேஜாராப் போச்சுப்பா இவரோட” என்று கடைசியில் அவரே தலையில் கை வைத்துக்கொண்டார். மேனேஜர் இறங்கி, சால்வை வாங்கி, இருபத்திரண்டு பேரிடமும் கை குலுக்கி முடித்தபோது 12.45.

ஆட்டம் பாதிக்கு முப்பத்தைந்து நிமிடம். இரண்டாம் பாதியில் ஆளுக்கு ஒரு கோல். என் முழங்கால் அதற்குள் கெஞ்ச ஆரம்பித்திருந்தது. இன்னும் ஐந்து நிமிடம், ஒரே ஐந்து நிமிடம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஓடினேன். ஓடினேன் என்பதுகூடப் பொய், நடந்தேன். ஜெயந்தன் வலப்பக்கம் பந்தை வாங்கித் திரும்பினான்.

சங்கு ஊதியது.

நேபாளத்துத் தடுப்பாட்டக்காரர்கள் மூன்று பேரும் நின்றார்கள். கோல்கீப்பர் பீம் கையுறையைக் கழற்றவே ஆரம்பித்துவிட்டான். கோட்டு நடுவர்கள் இரண்டு பேரும் ஆலைக்காரர்கள். ஒருவர் கொடியைச் சுருட்டிவிட்டார். நான் கேட் பக்கம் திரும்பிவிட்டேன். ஐயோ, ஒரு மூச்சு நேரம் இருக்குமா? கூச்சல் கேட்டு இந்தப் பக்கம் பார்த்தபோது பந்து வலைக்குள் இருந்தது. ஜெயந்தன் மண்ணில் முட்டி போட்டு இரண்டு கையையும் தூக்கியிருந்தான்.

“ஹேண்டு! ஹேண்டு!” என்று நேபாளத்துக்காரர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். கை பட்டதாம். முகாம்காரர்கள் பட்டதே இல்லை என்று சத்தியம் செய்தார்கள். கோட்டு நடுவர்களைக் கேட்டேன். இரண்டு பேரும் தரையைப் பார்த்தார்கள்.

ஜெயந்தனைக் கூப்பிட்டேன். “சங்கு கேட்டுச்சா உனக்கு?”

“கேட்டது ரீச்சர். உங்கட விசில்தான் கேக்கேல்லை. அதால ஓடினன். அந்தச் சங்கு உள்ள வேலை செய்யிற ஆக்களுக்கு ஊதுறது. எங்களுக்கில்லையே.”

அவன் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. சங்கு விசில் ஆகாது, நின்றவர்கள் நின்றது அவர்கள் பாடு. ஆனால் கை பட்டதா இல்லையா என்று நான் பார்க்கவில்லை. பார்க்காததை நடுவர் கொடுக்கக் கூடாது. பதினைந்து வருடமாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த விதி அது. “நான் பாக்கலப்பா. நானும் திரும்பிட்டேன்” என்று எல்லோர் முன்னாலும் சொன்னேன். கோல் இல்லை என்று சைகை காட்டி, பந்தைக் கையில் வாங்கிக் கீழே போட்டேன்.

மீதி நேரத்தில் யாரும் கோல் போடவில்லை. பிறகு பெனால்டி. நான்குக்கு மூன்று, நேபாளம். முகாமின் கடைசி உதை ஜெயந்தனுடையது. அது கம்பத்துக்கு மேலே போய், அவன் வர்ணம் அடித்த சுவரில் பட்டுத் திரும்பி வந்தது.

பரிசளிப்பில் மேனேஜர், “ஜெயிச்சவங்க எல்லாரும் ஏற்கெனவே வேலையில இருக்காங்க. அதனால அந்த விஷயம் அடுத்த வருஷம் பாத்துக்கலாம்” என்றார். நான் மேடை ஓரமாகப் போய், அந்த ஒரு பையனையாவது எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்டேன். வெட்கத்தை விட்டுத்தான் கேட்டேன். அவர் சிரித்தபடி, “நீங்களே கோல் இல்லன்னுட்டீங்களே டீச்சர்” என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார்.

மாலை 4.10. ஷேர் ஆட்டோ எதுவும் இல்லை. ஜெயந்தன்தான் தன் வண்டியில் பைபாஸ் வரை கொண்டுவந்து விட்டான். அவனிடம் திட்டாவது வாங்கியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இறங்கும்போது, “கை பட்டுச்சாப்பா?” என்று கேட்டேன்.

“இல்லை ரீச்சர்.”

“என்னால பாக்க முடியலப்பா.”

“தெரியும் ரீச்சர். முழங்காலுக்குச் சுடுதண்ணி ஒத்தடம் குடுங்கோ” என்று சொல்லி வண்டியைத் திருப்பினான்.

புதுவாயல் வரை உட்கார இடம் கிடைத்தது. அதற்குப் பிறகு இல்லை. பெரியபாளையத்தில் வேண்டுதல் முடித்தவர்கள் தூங்கி வழிந்துகொண்டே ஏறினார்கள். மூன்று ஞாயிறும் அந்த அம்மனைத் தாண்டிப் போய்த் தாண்டி வந்திருக்கிறேன், ஒரு முறைகூட இறங்கிக் கும்பிடவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இறங்கியிருந்தாலும் எதைக் கேட்டிருப்பேன் என்று தெரியவில்லை.

மாலை 6.50, திருப்பாச்சூர். எங்கள் ஊரில் சங்கு கிடையாது. கோயில் மணி உண்டு, அதற்கு யாரும் எதையும் போட்டுவிட்டு ஓடுவதில்லை. வீட்டுக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். “இன்னா, மூஞ்சி இப்டி கீது?” என்றார். செருப்பைக் கழற்றிக்கொண்டே நடந்ததை எல்லாம் சொன்னேன். கோல் போனதுகூட அவருக்குப் பெரிதாகப் படவில்லை. வேறொன்றுதான் அவருக்கு விளங்கவே இல்லை.

“ரெண்டு மணி சங்கு ஊதினப்புறம் ஒருத்தன் நிக்காம ஓடுனானா? எந்த நாட்டுக்காரன் அவன்?”

“கும்மிடிப்பூண்டிதாங்க. அங்கியே பொறந்தவன்” என்றேன்.