மெற்றில்டாவின் உப்புத்தண்ணீர்ப் பழி

பழிவாங்க நினைக்கிறவர்கள் பொதுவாக வழக்கறிஞரிடம் போவார்கள். அதற்கு வசதி இல்லாதவர்கள் கொச்சிக்கடைக் கோயிலுக்கு, அந்தோனியாரிடம் போவார்கள். திருமதி மெற்றில்டா சவுந்தரநாயகம் முருங்கையிலையிடம் போனார். வரலாறு இதைக் குறித்துவைக்கத் தவறியிருப்பதால் நாம் குறித்துவைக்க வேண்டியிருக்கிறது.

பிறந்தது கொட்டாஞ்சேனை. முப்பத்தொரு வருடம் ஒரு பெண்கள் பாடசாலையில் ஆய்வுகூட உதவியாளர். சோதனைக்குழாய் கழுவியே ஓய்வூதியம் வாங்கியவர் என்று சிலர் சொல்வதுண்டு. அவர் காதுபடச் சொல்வதில்லை; நேரில் எல்லோருக்கும் அவர் ‘டீச்சர்’. கணவர் சவுந்தரநாயகம் துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், காலமாகி ஒன்பது வருடம். இப்போது வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு கட்டிடம் தள்ளி, ஐந்து மாடிக் குடியிருப்பொன்றின் நாலாம் மாடியில் தனியாக இருக்கிறார். தனியாக என்று சொல்வதும் முழு உண்மையல்ல. மொட்டைமாடியின் ஒரு மூலையில் பதினாலு மிளகாய்ச் செடிகள் அவருக்கு இருந்தன.

இருந்தன. அங்கேதான் கதை தொடங்குகிறது.

குடியிருப்புச் சங்கத் தலைவர் வள்ளியப்பன், புறக்கோட்டையில் இரும்புக் கடை வைத்திருப்பவர். சென்ற வருடம் அவர் மொட்டைமாடியின் பைப் தண்ணீருக்குப் பூட்டுப் போட்டார். தண்ணீர் வீணாகிறதாம். இனிச் செடிக்கு வேண்டுமானால், கீழே கார் கழுவுகிற இடத்துக் குழாய்க்கிணற்றுத் தண்ணீர்தான். கடலோரத்தில் பிளாட் வாங்கியவர்களுக்கு அந்தத் தண்ணீரைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. சவர்க்காரம் நுரைக்காது. மழை இல்லாத மாதங்களில் நாக்கில் வைத்தால் கடலே வீட்டுக்கு வந்துவிட்டதுபோல் இருக்கும்.

ஒரு மாதத்தில் இலைகளின் ஓரம் கருகியது. பிறகு இலைகள் விழுந்தன. பிறகு பதினாலும் போயின.

அடுத்த கூட்டத்தில் மெற்றில்டா முறைப்பாடு சொன்னார். வள்ளியப்பன் புன்னகைத்தார்.

“தண்ணியக் குத்தம் சொல்லாதீங்க டீச்சர். செடி வைக்க ஒரு கைராசி வேணும். சில கைக்கு அது அமையாது. என்ன பண்றது?”

கணவனை இழந்த ஒருத்தியின் முகத்துக்கு நேரே, பதினெட்டு வீட்டுக்காரர் முன்னால், கைராசி. யாரும் சிரிக்கவில்லை என்பதுதான் இன்னும் மோசம், பாவப்பட்டார்கள். தலைவர் அதோடு நிற்காமல் அந்த மூலையில் பிளாஸ்டிக் புல் விரித்து, நாற்காலி போட்டு, தன் பெயரில் ஒரு பலகையும் வைக்கலாம் என்றார்.

மெற்றில்டா எழுந்தார். “அதே கிணத்துத் தண்ணியில நான் மிளகாய் காய்க்க வைச்சா?”

“காய்ச்சா அந்த மூலை ஆயுசுக்கும் உங்களுது. நாலு மாசம் டைம். காய்க்கலேன்னா நீங்களே சாடியெல்லாம் கீழ எறக்கிடணும். ரொனி, எழுதிக்குங்க.”

சங்கச் செயலாளர் ரொனி கூட்டறிக்கைப் புத்தகத்தில் எழுதினார். தலைவர் கையெழுத்திட்டு, முத்திரையும் குத்தினார். இங்கே ஒரு குணத்தைச் சொல்லியாக வேண்டும்: வள்ளியப்பனுக்கு எதையும் கூட்டறிக்கையில் ஏற்றாமல் மூச்சு வராது. படிக்கட்டு மின்குமிழ் மாற்றியதற்கும் அந்தப் புத்தகத்தில் தீர்மானம் உண்டு. ஒரு விதவையின் சவாலைச் சிரித்துத் தள்ளிவிட்டுப் போயிருந்தால் இன்று அவர் பிளாஸ்டிக் புல்லில் கால்நீட்டி உட்கார்ந்திருப்பார்.

மெற்றில்டா வீட்டுக்கு வந்து பழைய பாடப்புத்தகங்களைப் புரட்டினார். உப்புத் தண்ணீர் குடிக்கும் செடி தாகத்தால் மட்டும் சாவதில்லை. இலைக்குள்ளே ஒரு முரட்டு ஒட்சிசன் பெருகி இலையை உள்ளிருந்தே அரிக்கிறது. அதை அடக்கும் பொருட்களுக்கு ஒட்சியேற்ற எதிரிகள் என்று பெயர். விற்றமின் சி அதில் ஒன்று. முருங்கையிலையில் அதுவும் அதன் சொந்தபந்தங்களும் தாராளம். அவை உப்பை அகற்றுவதில்லை. உப்போடு மல்லுக்கட்டச் செடிக்குத் தெம்பு கொடுக்கின்றன. கடைசி வசனத்தை அவர் கொப்பியில் இரண்டு தடவை அடிக்கோடிட்டார். அது செடியைப் பற்றியது மட்டும்தானா என்று நாம் ஆராயப் போவதில்லை.

விதைகளை விற்றமின் சி கரைத்த தண்ணீரில் ஊறவைத்துப் பன்னிரண்டு சாடிகளில் நட்டார். முருங்கையிலைக்கு வெகுதூரம் போகவில்லை. வாசலில் நின்ற மரம் வள்ளியப்பனின் மனைவி மீனாள் நட்டது.

“தெனமும் முருங்கைக் கீரையா டீச்சர்? உடம்புக்கு நல்லதுதான்.”

“உடம்புக்கில்ல மீனாள், மனசுக்கு.”

“நல்லாப் பறிச்சுக்கங்க. எங்க வீட்டுல இவரு தொடவே மாட்டாரு.”

“பரவாயில்ல. அவருக்கு நான் வேற விதமாக் குடுப்பன்.”

மீனாள் விழுந்து விழுந்து சிரித்தார். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்கவில்லை.

முதல் முயற்சி கேவலமாய் முடிந்தது. அரைத்த சாற்றை வடிகட்டாமல், தண்ணீரும் சேர்க்காமல், நடுமத்தியானத்தில் தெளித்தார். ஸ்ப்ரே போத்தல் அடைத்துக்கொண்டது, இலைகள் கறுத்தன, பன்னிரண்டில் நாலு செத்தன. பழிவெறிக்குப் பொறுமை போதாது என்பதை மெற்றில்டா அன்று கற்றார். பிறகு கணவரின் வெள்ளைக் கைலேஞ்சியில் வடித்து, ஒரு பங்கு சாற்றுக்கு முப்பது பங்கு தண்ணீர் சேர்த்து, வாரம் ஒருமுறை, வெயில் ஏறுமுன் தெளித்தார். ஒவ்வொரு இலைக்கும் மேலே ஒன்று, கீழே ஒன்று. ஒவ்வொரு தெளிப்புக்கும் வாய்க்குள் ஒரு வார்த்தை. அந்த வார்த்தைகளை அச்சேற்ற முடியாது. மழை வந்தால் சாடிகளைத் தண்ணீர்த் தாங்கிக்குக் கீழே இழுத்துவிட்டார், மழைதான் காப்பாற்றியது என்று நாளைக்கு எவரும் வாய் திறக்கக்கூடாதென்று. தினமும் காலையில் வாளியோடு படியேறினார். அவருடைய பிரஷர் குளிசையை வைத்தியர் பாதியாகக் குறைத்தது இந்தக் காலத்தில்தான்.

மூன்றாம் மாதம் வள்ளியப்பன் மேற்பார்வைக்கு வந்தார். எட்டுச் சாடிகளில் ஆறு பூத்திருந்தன. இரண்டு வாடி, கருகி, தலைதொங்கி நின்றன. அந்த இரண்டிலும் சீட்டு ஒட்டியிருந்தது: வள்ளியப்பன் 1, வள்ளியப்பன் 2.

“என்ன டீச்சர் இது? எம்பேரை எழுதி வச்சிருக்கீங்க!”

“ஒப்பிட்டுப் பாக்கிறதுக்கு ஐயா. பரிசோதனையெண்டா மருந்து தெளிக்காத சாடி ரெண்டு வேணும். ஒண்டும் செய்யாமல் சும்மா நிக்கிறதுக்கு என்ன பேர் வைக்கலாமெண்டு யோசிச்சன். உங்கட பேர்தான் ஞாபகம் வந்தது.”

“அது சாகுதே!”

“ஓம். அதுக்கும் தண்ணி ஊத்துறன் ஐயா, ஒரு நாளும் தவறாமல். உங்கட கிணத்துத் தண்ணி.”

தலைவர் நேரே ரொனி வீட்டுக்கு இறங்கினார். தீர்மானத்தில் ‘குறைந்தது ஒரு கிலோ’ என்று சேர்க்க வேண்டுமாம்.

“ஏலாது அய்யே,” என்றார் ரொனி, சிங்களத்தில் அண்ணனை அழைப்பதுபோல். “கையெழுத்து வைச்ச தீர்மானத்தை மாத்திறதெண்டா எல்லா வீட்டுக்கும் அறிவிச்சு ரெண்டு மாசம் பொறுக்கவேணும். நீங்கதானே அப்பிடி ஒரு சட்டம் போட்டீங்க.”

நாலாம் மாதம் கூட்டம் கூடியது. மெற்றில்டா கோப்பைத் தட்டொன்றில் பதினொரு பச்சை மிளகாயோடு வந்தார். ஒவ்வொன்றும் அரை விரல் நீளம். உண்மையைச் சொன்னால் கடையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.

வள்ளியப்பன் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “இதெல்லாம் ஒரு மிளகாயா? உப்புத் தண்ணி மிளகாய்ல காரமே இருக்காதே.”

“கடிச்சுப் பாருங்கோ.”

பதினெட்டு வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தலைவர் கடித்தார். முதலில் காது சிவந்தது. பிறகு கழுத்து. பிறகு கைலேஞ்சி தேடினார். உப்போடு மல்லுக்கட்டி வளர்ந்த மிளகாய் காரத்தில் ஒரு சதமும் விட்டுக்கொடுக்கவில்லை.

ரொனி பேனாவைத் தூக்கினார். “அய்யே, இதையும் எழுதவா?”

“எழுதுங்கோ தம்பி,” என்றார் மெற்றில்டா. “கண்ணீர் எண்டும் எழுதுங்கோ.”

அப்போதுதான் மீனாள் எழுந்து தட்டருகே வந்தார். ஒரு மிளகாயை உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கணவரைப் பார்க்கவேயில்லை.

“டீச்சர், அந்த மூலையில எனக்கும் ரெண்டு சாடி வைக்க எடம் தருவீங்களா? உங்க கையாலேயே நட்டுக் குடுங்க. உங்க கைராசி எனக்கு வராது.”

மெற்றில்டா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பால் துடைத்தார். நேரம் எடுத்துத் துடைத்தார்.

“தரலாம் மீனாள். ஆனா ஒரே ஒரு விசயம். என்ர மூலையில கிணத்துத் தண்ணிதான். அதுவும் அந்தந்த வீட்டுக்காரர் தூக்கிக்கொண்டு வரவேணும்.”

“எனக்கு முட்டி வலி டீச்சர். இவரு தூக்குவாரு.”

ரொனி கேட்காமலே எழுதிக்கொண்டார்.

இப்போது வெள்ளவத்தையில், கடலுக்கு இரண்டு கட்டிடம் தள்ளி, காலை ஆறேகாலுக்குப் படிக்கட்டில் மடித்துக் கட்டிய ஒரு சாரமும் ஒரு வாளியும் மூச்சிரைத்தபடி ஏறி வரும். நாலாம் மாடியில் ஒரு கதவு அகலத் திறந்திருக்கும். உள்ளே ஒரு கதிரையில் தேத்தண்ணியும் கையுமாக ஒருவர்.

“மெதுவா ஐயா,” என்கிறார் மெற்றில்டா, மிகுந்த மரியாதையோடு. “சிந்தினா திரும்ப முதலிலயிருந்து ஏறவேணும்.”