சைகஸ் கன்றைக் கடித்த எங்கள் மணி

திண்டிவனத்தில் வீடு கட்டியபோது என் கணவர் பாண்டிச்சேரியிலிருந்து ஈச்சை ஓலை மாதிரி இலை விரியும் சைகஸ் என்ற அழகுச்செடி ஒன்றைப் பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்து வாசலில் நட்டார். அவர் மறைந்த பிறகும் அது ஆளுயரத்துக்கு வளர்ந்தது. போன வருடம் அந்த வீட்டை விற்றுவிட்டு, விழுப்புரத்தில் இருக்கும் மகளிடம் வந்துவிட்டேன். வரும்போது, அதன் அடியில் முளைத்திருந்த இரண்டு பக்கக் கன்றுகளைப் பெயர்த்து எடுத்துவந்தேன். வெட்டிய இடம் காயாமல் நட்டால் அழுகிவிடும் என்பதால் இலைகளை நறுக்கி, வராந்தா நிழலில் போட்டுவைத்தேன்.

மறுநாள் மகள் அலறினாள். "அம்மா, மணி வாந்தி எடுத்துக்கினே இருக்கான்மா!"

எங்கள் நாய் மணியின் பக்கத்தில் பாதி கடித்த கன்று கிடந்தது. அதையும் பையில் போட்டுக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் ஓடினோம்.

"நல்லவேளை, ஜல்தியா வந்தீங்க. இந்தச் செடி முழுக்க விஷம்மா" என்றார். சில நாள் குளுக்கோஸ் ஏற்றியபின் மணி பிழைத்தான்.

மிச்சமிருந்த கன்றை எறியப் போனேன். மகள் தடுத்தாள். "அப்பா வச்ச செடியோட கன்னும்மா. மாடியில வச்சிப் பூட்டிக்கலாம்."

அப்போதுதான், வீட்டை வாங்கியவர்களுக்குத் தவழும் குழந்தை இருப்பது நினைவுக்கு வந்தது. பதறிப்போய் அந்த வீட்டுப் பெண்ணுக்குப் போன் செய்து, வாசல் செடி விஷம் என்று சொன்னேன். "வேணும்னா வெட்டிடும்மா" என்றேன்.

"எதுக்குங்க வெட்டணும்? சுத்தி வலை கட்டிட்டா போச்சு" என்றாள் அந்தப் பெண்.

இப்போது எந்தச் செடி வாங்கினாலும், அதை நாய் தின்றால் என்ன ஆகும் என்று முதலில் விசாரிக்கிறேன். தினமும் மாடிக் கன்றுக்குத் தண்ணீர் ஊற்றி, கதவைப் பூட்டிவிட்டு நான் இறங்கும்வரை மணி கீழ்ப்படியில் காத்திருக்கிறான்.