வழிகாட்டுதல் உண்டு என்றார்கள்

யுவராணி டாக்டராகிவிட்ட செய்தியை அவளுடைய அய்யா கூத்தையா ஆர்.எஸ்.மங்கலம் வட்டாரத்தில் ஒருவர் விடாமல் சொல்லி முடிப்பதற்குள், அவள் வேலையிலேயே சேர்ந்துவிட்டாள். கண்மாய்த் தண்ணீரை நம்பி நெல் போடும் குடும்பம். அந்த ஊரிலிருந்து மருத்துவம் படித்த முதல் ஆள் அவள்தான். ஆனால் அய்யாவுக்கு இருந்த தைரியம் மகளுக்கு இல்லை. ஹவுஸ் சர்ஜனாக இருந்த ஒரு வருடமும் பக்கத்தில் யாராவது பெரிய டாக்டர் இருந்தார். இனிமேல் ஒரு நோயாளி முன்னால் தனியாக நிற்க வேண்டும் என்று நினைத்தாலே அவளுக்குப் பயமாக இருந்தது.

அதனால்தான் அந்த விளம்பரம் அவளை இழுத்தது. சாயல்குடிக்கும் ஏர்வாடிக்கும் நடுவே, கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்தில் ஓர் அறக்கட்டளை நடத்திய மருத்துவமனை. புதிதாகத் தேர்ச்சி பெற்ற மருத்துவர்களுக்கு ஓராண்டுப் பயிற்சி தருகிறோம் என்றார்கள். மூத்த மருத்துவர்களின் நேரடி வழிகாட்டுதல், வாரம் இரண்டு வகுப்பு, எல்லாப் பிரிவிலும் மாறி மாறி வேலை, நூலகம், நவீன தீவிர சிகிச்சைப் பிரிவு, கடல் தெரியும் தங்கும் அறை. சேர்ந்த அன்று நிர்வாக மேலாளர் மாரீஸ்வரன், "சரிபாக்குறதுக்குத்தான், ரெண்டு நாள்ல தந்துருவோம்" என்று சொல்லி அவளுடைய அசல் சான்றிதழ்களை வாங்கி இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார்.

ரெண்டு நாள் ஆறு மாதமாகியும் முடியவில்லை.

அறையிலிருந்து கடல் தெரிந்தது உண்மைதான். ஜெனரேட்டர் கொட்டகைக்கு மேலே எட்டிப் பார்த்தால் தெரியும். ஆனால் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. நாற்காலியை முட்டுக்கொடுத்துவிட்டுத்தான் உடை மாற்ற வேண்டும். நூலகம் என்பது ஒரு கண்ணாடி பீரோ; அதன் சாவி மேலாளரிடம், மேலாளர் எங்கே என்று யாருக்கும் தெரியாது. வெண்டிலேட்டர் இருந்தது. அதை இயக்கத் தெரிந்த மயக்க மருத்துவர் புதனும் சனியும் மட்டும் வருவார். மற்ற நாட்களில் அது உறை போட்டு மூடிக் கிடக்கும். வகுப்பு ஒரே ஒரு முறை நடந்தது. அன்றைக்குப் புகைப்படக்காரர் வந்திருந்தார். தலைமை மருத்துவர் வினோத்குமார் ஓர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடிக்க, யுவராணியும் அவளோடு சேர்ந்த கீழக்கரை உசாமாவும் அதை வாய் பிளந்து பார்க்க, நாலைந்து படம் எடுத்தார்கள். பிறகு வினோத்குமார் காரில் ஏறி ராமநாதபுரத்திலுள்ள தன் சொந்த கிளினிக்குக்குப் போய்விட்டார். வாரத்தில் பாதி நாள் அவர் அங்கேதான்.

யுவராணிக்கு முதலில் கோபம் வரவில்லை. பயந்தான் வந்தது. எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்தாள், மூன்று முறை எழுதினாள். சந்தேகம் வந்தால் ஜன்னலோரம் போய், சிக்னல் கிடைக்கும் மூலையில் நின்று போனில் தேடினாள். இருபது வருடமாக அங்கே வேலை பார்க்கும் நர்ஸ் முருகலட்சுமி மட்டும், "மேடம், இதுக்கு முன்னால இருந்தவுக இப்படிச் செய்வாக" என்று மெதுவாகக் காதில் போடுவார். யோசித்துப் பார்த்தால், அந்த மருத்துவமனையில் அவளுக்குக் கிடைத்த வழிகாட்டுதல் அது ஒன்றுதான்.

ஒரு வியாழக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு மாரியூரிலிருந்து இமானுவேல் என்ற மீனவரை ஷேர் ஆட்டோவில் கொண்டுவந்தார்கள். நாற்பது வயது, உரமேறிய உடம்பு. விடியற்காலையில் வலை இழுக்கும்போது கடல் பாம்பு கணுக்காலில் கடித்திருந்தது.

"வலக்கடியன், தாயி. வலையோட ஏறி வந்துருச்சு. ஒண்ணும் பெருசா இல்ல, மாலதிதான் போயே ஆகணும்னு இழுத்துட்டு வந்துட்டா" என்று சிரித்தார். அவர் மனைவி மாலதி சிரிக்கவில்லை.

கணுக்காலில் இரண்டு ஊசிக்குத்து போல ஒரு தடம். வீக்கம் இல்லை. ரத்தம் உறையும் சோதனையும் சரியாகவே இருந்தது. ஆனால் தொடையும் கழுத்தும் வலிக்கிறது என்றார். கையைப் பிடித்துத் தூக்கியபோது முகம் சுளித்தார். வயக்காட்டுப் பாம்புக்கடி யுவராணிக்குத் தெரியும். கடல் பாம்பைப் பற்றிப் பாடப்புத்தகத்தில் படித்தது நாலே வரி. அதுவும் சரியாக நினைவில் இல்லை. வினோத்குமாரைப் போனில் அழைத்தாள். எழுதிக்கொண்டே பேசுவதற்காக முருகலட்சுமி ஸ்பீக்கரைப் போட்டுப் போனைப் பிடித்துக்கொண்டார். அடுத்த கட்டிலில் உசாமா ஒருவருக்குத் தையல் போட்டுக்கொண்டிருந்தான்.

"சார், கடல் பாம்பு கடிச்ச கேஸ். வீக்கம் இல்ல, ஆனா உடம்பெல்லாம் வலிக்குதுங்கிறார். நீங்க ஒரு தடவ வந்து பாத்தீங்கன்னா..."

"வீக்கமே இல்லன்னா விஷம் ஏறலம்மா. ஒரு டிடி ஊசி போட்டு, வலிக்கு மாத்திரை குடுத்து அனுப்பு. இதுக்கெல்லாம் நான் வரணும்னா நீ எதுக்கு இருக்க?"

போன் துண்டிக்கப்பட்டது.

அவள் அனுப்பவில்லை. ஏன் என்று கேட்டால் அன்றைக்கு அவளால் காரணம் சொல்லியிருக்க முடியாது. மாலதியின் முகம் ஒரு காரணமாக இருக்கலாம். இமானுவேலைக் கட்டிலில் படுக்க வைத்து, குளுக்கோஸ் ஏற்றிவிட்டு, ஜன்னல் மூலைக்குப் போய்ப் போனில் தேடினாள். கடல் பாம்பு கடித்தால் கடிவாயில் வீக்கம் இருக்காது என்றே முதல் பத்தியில் போட்டிருந்தது. அந்த விஷம் தசையைத் தின்னும். பிறகு மூச்சு, பிறகு சிறுநீரகம். நம் ஊரில் கிடைக்கும் பாம்புக்கடி மருந்து இதற்குக் கேட்காது.

திரும்பி வந்தபோது இமானுவேல் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "தாயி, வாயத் தெறக்க முடியல."

வினோத்குமாருக்கு மறுபடி போட்டாள். எடுக்கவில்லை. மூன்று முறை போட்டாள். பதினொன்றரை மணிக்கு இமானுவேல் கழித்த சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் இருந்தது. கண் இமை சரியத் தொடங்கியது. வெண்டிலேட்டர் உறைக்குள் கிடந்தது. யுவராணி 108-ஐ அழைத்தாள். நடந்ததை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுதினாள், பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுவதற்காக அதைப் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

"உசாமா, காஷுவாலிட்டிய நீ பாத்துக்க. நான் கூடப் போறேன். வழியில மூச்சு நின்னுச்சுன்னா ஆள் வேணும்."

"போ, நான் பாத்துக்கிறேன்" என்றான் அவன்.

வாசலில் மாரீஸ்வரன் மறித்தார். "டூட்டி நேரத்துல எங்க கெளம்பிட்டீங்க? யாரு அனுமதி குடுத்தா?"

"குடுக்க வேண்டியவரு போனை எடுக்கல சார். வழிய விடுங்க."

அந்தக் குரல் தன்னுடையதா என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. ஏர்வாடி விலக்கைத் தாண்டியதுமே இமானுவேலின் மூச்சு மேலோட்டமாகிவிட்டது. முகத்தில் மாஸ்க்கை அழுத்திப் பிடித்து, அதில் பொருத்திய பையை அமுக்கி அமுக்கிக் காற்றை உள்ளே தள்ளினாள். கீழக்கரை போனது, திருப்புல்லாணி போனது, அவள் எதையும் பார்க்கவில்லை. காலடியில் உட்கார்ந்திருந்த மாலதி ஜெபம் சொல்லிக்கொண்டே வந்தாள். அந்த நேரத்தில்தான் கோபம் வந்தது. பயம் இருந்த இடத்தில் எல்லாம் அது ஏறி உட்கார்ந்தது. கை மரத்துப்போன ஒவ்வொரு தடவையும், நீ எதுக்கு இருக்க என்ற அந்தக் குரல் கேட்டது. இன்னும் அழுத்தமாக அமுக்கினாள்.

ராமநாதபுரம் அரசு மருத்துவமனையில் இமானுவேலுக்கு உடனே மூச்சுக்குக் குழாய் வைத்தார்கள். அங்கிருந்த மருத்துவர் கேஸ் ஷீட்டின் படத்தைப் பார்த்துவிட்டு, "இன்னும் அரை மணி நேரம் அங்கயே வச்சிருந்தா அவ்வளவுதான்மா" என்றார். பாராட்டு மாதிரிதான் இருந்தது. யுவராணிக்கு அழுகை வந்தது, அவர் முன்னால் அழப் பிடிக்காமல் வெளியே வந்துவிட்டாள்.

சனிக்கிழமை மாரியூர் ஆட்கள் இரண்டு வேனில் வந்து மருத்துவமனை வாசலில் உட்கார்ந்துவிட்டார்கள். வாரத்தில் ஏழு நாளும் பெரிய டாக்டர் இருப்பார் என்று போர்டு வைத்திருக்கிறீர்களே, அன்றைக்கு எங்கே போனார் என்று கேட்டார்கள். அன்று பிற்பகல் மாரீஸ்வரன் யுவராணியைத் தன் அறைக்குக் கூப்பிட்டார். வினோத்குமாரும் அங்கே இருந்தார். மேசைமேல் புதிதாக எழுதிய ஒரு கேஸ் ஷீட். மூத்த மருத்துவர் நோயாளியை நேரில் பரிசோதித்ததாகவும், உள்நோயாளியாகச் சேர்க்கச் சொன்னதாகவும், பயிற்சி மருத்துவர் அதை மீறி நோயாளியை வெளியே கொண்டுபோனதாகவும் அதில் இருந்தது.

"ஒரு கையெழுத்து போடும்மா. உனக்கு ஒண்ணும் வராம நாங்க பாத்துக்கிறோம். கத்துக்குற வயசுல தப்பு நடக்கத்தான் செய்யும்" என்றார் வினோத்குமார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

"யாரு தப்பு சார்?"

"குரல ஒசத்தாதீங்க டாக்டர்" என்றார் மாரீஸ்வரன். "உங்க சர்ட்டிபிகேட்டு எல்லாம் எங்ககிட்டத்தான் இருக்கு. ஞாபகம் இருக்கட்டும்."

"ரெண்டு நாள்ல தாரேன்னு வாங்குனது. அதுவும் ஞாபகம் இருக்கு. கத்துக்குடுக்குறோம்னு கூப்பிட்டீங்க. ஒரு நாளாவது கத்துக்குடுத்தீங்களா? அந்த மனுசன் செத்திருந்தா இந்தப் பேப்பர்ல என்ன எழுதியிருப்பீங்க?"

கையெழுத்துப் போடவில்லை. அன்று மாலையே அறையைக் காலிசெய்யச் சொன்னார்கள். உசாமாவைத் தேடிப் போய், "அந்தப் போன் பேச்ச நீ கேட்டேல்ல? விசாரிச்சா சொல்லுவேல்ல?" என்றாள். அவன் வெகுநேரம் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தான். "நான் தையல் போட்டுட்டு இருந்தேன் யுவா. சரியாக் கேக்கல" என்றான். அவனுடைய சான்றிதழும் அதே அலமாரியில்தான் இருந்தது. அது அவளுக்குத் தெரியும். தெரிந்ததால் கோபம் குறைந்துவிடவில்லை.

கூத்தையா போனில் முழுவதையும் கேட்டார். "ஆத்தா, படிச்ச பேப்பர அவன் பூட்டி வச்சுக்கிட்டா படிப்பு இல்லன்னு ஆயிருமா? திங்கக்கிழமை கலெக்டர் ஆபீசுல மனு வாங்குவாக. நானும் வாரேன்" என்றார்.

திங்கட்கிழமை குறைதீர் கூட்ட வரிசையில் இருவரும் நின்றபோது, பின்னாலிருந்து யாரோ தோளைத் தொட்டார்கள். மாலதி. கூடவே மாரியூர்ப் பெண்கள் பதினோரு பேர். யாரும் அவர்களைக் கூப்பிடவில்லை. "அவருக்கு இன்னிக்குத்தான் கண்ணு முழிப்புக் கண்டுச்சு. எங்கள விட்டுட்டு நீ மட்டும் வருவியாக்கும்?" என்றாள் மாலதி. நர்ஸ் முருகலட்சுமியும் சீருடையோடு வந்து நின்றார். "போன நாந்தான் பிடிச்சிருந்தேன் மேடம். எங்க வேணாலும் சொல்றேன்" என்றார். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அதை அப்படியே சொன்னார். அடுத்த வாரமே மருத்துவமனையில் முருகலட்சுமியை வேலையை விட்டு நிறுத்தினார்கள்.

சான்றிதழ்கள் திரும்பி வந்தன. வட்டாட்சியர் அலுவலகத்திலிருந்து ஆள் போன பிறகு, மாரீஸ்வரன் உறையை மேசைமேல் வீசினார். உறையின் மூலையில் தேநீர்க் கறை இருந்தது. வினோத்குமார்மேல் விசாரணை என்றார்கள். இன்று வரைக்கும் விசாரணை என்றுதான் சொல்கிறார்கள். அவர் பெயர் போர்டில் இருக்கிறது. இமானுவேல் ஒன்பது நாள் வெண்டிலேட்டரிலும், மூன்று வாரம் விட்டு விட்டு டயாலிசிஸிலும் இருந்து பிழைத்தார். கடலுக்குப் போகிறார், ஆனால் வலையை முன்போல இழுக்க முடியவில்லை. யுவராணிக்கு ஓர் அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒப்பந்த வேலை கிடைத்தது. அங்கே பக்கத்து மேசையில் ஒரு மூத்த மருத்துவர் உட்கார்ந்திருந்தார். கேட்டால் பதில் சொன்னார். அவ்வளவுதான். அது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவளுக்குத் தோன்றும்போதெல்லாம் இன்னும் எரிச்சலாக வரும்.

ஜூன் மாதத்தில் அந்த மருத்துவமனை அடுத்த ஆண்டுப் பயிற்சிக்கு ஆள் எடுப்பதாகச் சாலையெங்கும் பதாகை வைத்தது. 'மூத்த மருத்துவர்களின் அரவணைப்பில் இளம் மருத்துவர்கள்.' அதிலிருந்த படத்தில் எக்ஸ்ரேயைப் பார்த்து வாய் பிளந்து நிற்பது அவளேதான்.

நேர்காணல் அன்று விடுப்பு போட்டுவிட்டுப் போனாள். வாசலில் வேப்பமரத்தடியில் ஐந்து பேர் சான்றிதழ்க் கோப்புகளை நெஞ்சோடு அணைத்தபடி காத்திருந்தார்கள். பதாகைக்குக் கீழே போய் நின்று, அதிலிருந்த தன் முகத்தைச் சுட்டிக் காட்டினாள்.

"இது நாந்தான். இந்த ஒரு நாள்தான் இங்க வகுப்பு நடந்துச்சு. கேளுங்க, சொல்றேன்."

காவலாளி வந்து கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டுப் பேசினாள். அலமாரியைப் பற்றி, உறை போட்ட இயந்திரத்தைப் பற்றி, இமானுவேலைப் பற்றி. தொண்டை கட்டும்வரை பேசினாள். இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்கள். மூன்று பேர் அங்கேயே இருந்தார்கள். அதில் ஒருத்தி, பானுப்பிரியா என்று கோப்பில் எழுதியிருந்தது, தலையைக் குனிந்துகொண்டு, "வேற எடம் கெடைக்கலக்கா. வீட்டுல சும்மா இருக்க முடியாது" என்றாள்.

யுவராணிக்கு அவளை அறைய வேண்டும் போல இருந்தது. இவ்வளவு சொன்ன பிறகுமா? ஆனால் போன வருடம் இந்த மரத்தடியில் யாராவது தன்னிடம் இதைச் சொல்லியிருந்தால், தானும் உள்ளேதான் போயிருப்பாள். கோப்பின் பின்பக்கத்தில் தன் போன் நம்பரை எழுதினாள்.

"அசலக் குடுக்காத, நகல் மட்டும் குடு. அங்க ஒரு கேஸ்ல சந்தேகம்னா எனக்குக் கூப்பிடு. வெக்கப்படாத. திட்ட மாட்டேன்."

எட்டாம் நாள், புறநோயாளிகள் வரிசை நீண்டிருந்த காலை நேரத்தில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, நான் பானுப்பிரியா. ஒரு சின்னப் பிள்ளைக்கு வலிப்பு. இங்கன..."

"பெரிய டாக்டர் யாரும் இல்லையா?"

"இல்லக்கா."

யுவராணி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். "சரி, பதறாத. பிள்ளைய ஒரு பக்கமாச் சாய்ச்சுப் படுக்க வை. இப்ப மூச்சு எப்படி இருக்கு, பாத்துச் சொல்லு."