மாதனூரில் இறங்காத பெண்

ஆரோக்கியமேரி தமிழாசிரியை ஆவதற்கு முன் ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தையல் மெஷினில் உட்கார்ந்தவள். பகலில் தைத்து, விடுமுறை நாட்களில் படித்து, பட்டம் வாங்கி, ஊருக்கு வெளியே இருந்த ஓர் அரசுப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தாள். சேர்ந்த கையோடு நூலகப் பொறுப்பும் அவள் தலையில் விழுந்தது. வேறு யாரும் அதை ஏற்கத் தயாராக இல்லை. நூலகம் என்றால் இரண்டு இரும்பு பீரோக்கள்தான். புத்தகம் தொலைந்தால் பொறுப்பாளர்தான் பதில் சொல்ல வேண்டும் என்பதால் அவற்றை யாரும் திறப்பதில்லை.

மேரி திறந்தாள். மதிய இடைவேளையில் வராந்தாவில் பாய் விரித்துப் புத்தகங்களைப் பரப்பினாள்.

"பிடிச்சத எடுத்துக்கினு போங்க. பிடிக்கலன்னா பாதியில வெச்சிடுங்க. இன்னா படிச்சேன்னு யாரும் கேக்க மாட்டாங்க. நானும் கேக்க மாட்டேன்" என்று பிள்ளைகளிடம் சொன்னாள்.

தலைமையாசிரியர் சமீருல்லாவுக்கு இது பிடிக்கவில்லை. "கேக்காம வுட்டா படிச்சாங்களா, தூங்குனாங்களான்னு எப்டி டீச்சர் தெரியும்? ரிசல்ட் கம்மியானா என்னத்தான் கேப்பாங்க" என்றார். ஆனாலும் தடுக்கவில்லை.

ஒன்பதாம் வகுப்பில் தமிழினி என்றொரு பெண். பாடத்தை வாய்விட்டு வாசிக்கச் சொன்னால் இரண்டாவது வரியிலேயே தடுமாறுவாள். மற்றவர்கள் சிரிப்பார்கள், அவள் உட்கார்ந்துவிடுவாள். அவளும் பாய்க்கு வந்தாள். முதலில் சின்னப் பிள்ளைகளின் படக்கதைகளை எடுத்து, யாரும் பார்க்காதபடி பைக்குள் செருகிக்கொண்டாள். போகப்போக அவள் எடுக்கும் புத்தகங்கள் தடித்தன. மேரி கவனித்தாள், கேட்கவில்லை.

டிசம்பரில் ஒரு நாள் பள்ளி விட்ட பிறகு தமிழினி ஓடி வந்து வேறு புத்தகம் கேட்டாள். மேரி மறுபடி பீரோவைத் திறந்து கொடுத்தாள். அதற்குள் வழக்கமான பஸ் போய்விட்டது. தோழிகளும் அதில் போய்விட்டார்கள்.

பொழுது சாயும் வேளையில் மேரிக்கு போன் வந்தது. தமிழினியின் அப்பா பாண்டியன். தோல் பதனிடும் ஷாப்பில் வேலை செய்பவர்.

"டீச்சர், பாப்பா இன்னும் வூட்டுக்கு வர்ல. கூட வர்ற பொண்ணுங்கல்லாம் எப்பவோ வந்துட்டாங்க."

நான்தானே நிறுத்தி வைத்தேன் என்று நினைத்தபடி மேரி ஸ்கூட்டரை எடுத்தாள். தமிழினியின் ஊரான மாதனூர் வரைக்கும் ஒவ்வொரு பஸ் நிறுத்தத்திலும் மெதுவாகப் போனாள். கம்பெனி வேன்கள் பெண்களை இறக்கிவிட்டுப் போய்க்கொண்டிருந்தன. சீருடையில் யாராவது தெரிந்தால் வண்டியைத் திருப்பினாள், கிட்டே போனால் வேறு பெண்.

மாதனூர் நிறுத்தத்தில் பாண்டியன் வேலை உடுப்போடு நின்றிருந்தார். சுற்றிலும் நாலைந்து பேர். "வயசுப் பொண்ணு. யார் கூடயாவது பேசிக்கினு இருந்துச்சான்னு விசாரிப்பா" என்று ஒருவர் சொன்னதும் பாண்டியனின் முகம் இறுகிப்போனது. மேரி பாலாற்றுப் பாலத்தின் பக்கம் பார்த்தாள். மழைத் தண்ணீர் இன்னும் வடியவில்லை. சட்டென்று பார்வையைத் திருப்பிக்கொண்டாள்.

பாண்டியனின் போன் அடித்தது. அந்த பஸ் கடைசியாகப் போய் நிற்கும் குடியாத்தம் பஸ் நிலையத்திலிருந்து யாரோ பேசினார்கள். உங்கள் பெண் இங்கே உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கிறாள், வந்து கூட்டிப் போங்கள் என்றார்கள். அவர் உடனே வண்டியைக் கிளப்பினார்.

மறுநாள் காலை பாண்டியன் மகளோடு தலைமையாசிரியர் அறைக்கு வந்தார். புத்தகத்தை மேசைமேல் அடித்து வைத்தார்.

"படிச்சிக்கினே இருந்தாளாம், ஸ்டாப்ப வுட்டுட்டாளாம். இவளுக்கு எழுத்துக் கூட்டவே வராதுன்னு போன மீட்டிங்ல நீங்கதான சார் சொன்னீங்க? அப்ப இவ யாரப் பாக்க குடியாத்தம் போனா? இனிமே ஸ்கூல் வேணாம் சார். வூட்லயே இருக்கட்டும்."

தமிழினி தலை குனிந்து நின்றாள். கன்னத்தில் விரல் தடம் தெரிந்தது.

சமீருல்லா புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். "நெசமா படிச்சியா? அப்ப இதுல இன்னா வருது, சொல்லு."

தமிழினி சுவரோடு ஒட்டினாள்.

"சார், வேணாம்" என்றாள் மேரி. "கேக்க மாட்டோம்னு சொல்லியிருக்கேன்."

"டீச்சர், அந்தப் பொண்ணு பேரே போவுது. உங்க வாக்கு பெருசா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. கேட்டு, தமிழினி வாயடைத்துப் போனால் கதை முடிந்தது. கேட்காவிட்டாலும் முடிந்ததுதான். மேரி அந்தப் பெண்ணின் அருகில் போய் நின்றாள். "உனக்கு இஷ்டம்னா சொல்லு. இல்லன்னா வேணாம். நான் உன்ன நம்பறேன்."

பாண்டியன் மகளின் கையைப் பிடித்து இழுத்தார். அப்போது அவள் தலைமையாசிரியர் கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள்.

"அப்பாவும் பொண்ணும் போட்ல மீன் புடிக்கப் போறாங்க சார். நடுக்கடல்ல மோட்டார் நின்னுடுது. குடிக்கிற தண்ணி தீந்துடுது. அப்பாவுக்கு ஜொரம், எழுந்துக்கவே முடியல. அப்ப தூரத்துல ஒரு கப்பல் வெளிச்சம். அந்தப் பொண்ணு தன் துப்பட்டாவக் கொளுத்தி ஆட்டுது. அந்த நெருப்பு போட்லயே புடிச்சிக்குது..."

வகுப்பில் வாய் திறக்காதவள் மூச்சு விடாமல் சொன்னாள். நிறுத்தினாள்.

சமீருல்லா நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். "அப்புறம்?"

"அதுக்குள்ள குடியாத்தம் வந்துடுச்சி சார்."

யாரும் சிரிக்கவில்லை. பாண்டியனின் பிடி தளர்ந்தது. சமீருல்லா புத்தகத்தை அவளிடம் நீட்டினார். அவள் பக்கத்தைத் தேடி எடுத்தாள். யாரும் கேட்காமலேயே வாய்விட்டு வாசித்தாள். இரண்டு இடத்தில் திக்கினாள், திரும்பப் படித்துச் சரி செய்துகொண்டு மேலே போனாள். கதையில் கப்பல் படகை நோக்கித் திரும்பியது. பாண்டியன் சுவரில் சாய்ந்து கடைசி வரி வரைக்கும் கேட்டார். மகள் வாசித்து அவர் இதற்கு முன் கேட்டதே இல்லை.

போகும்போது வாசலில் மேரியிடம் நின்றார். "ராத்திரி கை நீட்டிட்டேன் டீச்சர்" என்றார் தாழ்ந்த குரலில். பிறகு, "பஸ்ல மட்டும் படிக்க வேணாம்னு சொல்லுங்க."

தமிழினி பள்ளியில் தொடர்ந்தாள். அரையாண்டுத் தேர்வில் கணக்கில் தோற்றாள். பாண்டியன் மறுபடி வந்து சத்தம் போட்டார், ஆனால் பள்ளியை விட்டு நிறுத்தும் பேச்சை எடுக்கவில்லை.

மேரிக்கு வேறொரு சிக்கல் காத்திருந்தது. படித்த கதையை ஹெட்மாஸ்டர் கேட்கிறாராம் என்று பேச்சு பரவி, பல பிள்ளைகள் புத்தகத்தைப் பிரிக்காமலேயே கொண்டுவந்து பாயில் வைத்துவிட்டுப் போனார்கள். மதியத்தில் பாய் காலியாகக் கிடந்தது. மேரி யாரையும் கூப்பிடவில்லை. தானே ஒரு புத்தகத்தை எடுத்துக்கொண்டு அங்கே உட்கார்ந்தாள். முதலில் தமிழினி வந்தாள். பயந்து விலகியிருந்தவர்கள் எல்லோரும் திரும்பி வருவதற்குள் முழுப் பரீட்சையே நெருங்கிவிட்டது.